விளக்கு எரிகிறதா, வேலை நடக்கிறதா?

வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்விச்சைப் போட்டவுடன் அதில் ஒரு சின்னஞ்சிறு விளக்கு எரியும். சற்று நேரத்தில் அணைந்துவிடும். விளக்கு அணைந்துவிட்டதே, பெட்டி ஆறிப்போய்விட்டது போலிருக்கிறது என்று எண்ணி யாராவது உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்களா? ஒரு தடவை வைத்தவர் மறு தடவை வைக்கமாட்டார்!

அந்த விளக்கு, "பெட்டி சுடுகிறதா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதே இல்லை. "உள்ளே சூடேற்றும் கம்பிக்கு மின்சாரம் போகிறதா?" என்ற கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. வேண்டிய சூடு வந்ததும் மின்சாரம் நிற்கிறது, விளக்கும் அணைகிறது. ஆகவே, விளக்கு அணைகிற வேளைதான் பெட்டி நன்றாகக் காய்ந்திருக்கும் வேளை.

ஒவ்வொரு விளக்கும் ஏதோ ஒரு கேள்விக்குப் பதில். கேள்வி இன்னதென்று தெரிந்திருந்தால் விளக்கு நமக்குத் துணை. தெரியாவிட்டால் அதே விளக்கு நம்மை ஏமாற்றிவிடும். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது, இப்படிப்பட்ட விளக்குகள் டஜன் கணக்கில் கூடியிருக்கும் ஓர் இடத்தை. அதுதான் கல்யாண மண்டபத்தில் டி.ஜே. நிற்கும் மேஜை.

கல்யாண வரவேற்புக்குப் போனால் நாம் எதைப் பார்ப்போம்? மணப்பெண்ணின் புடவையைப் பார்ப்போம். பந்தியில் எத்தனை பதார்த்தம் என்று பார்ப்போம். சம்பந்தி அம்மாளின் முகம் மலர்ந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். மேடைக்குப் பக்கவாட்டில், காதில் பெரிய குமிழ்களை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையை மட்டும் பார்க்கமாட்டோம். பார்த்தாலும், "காது கிழிகிறதே, கொஞ்சம் குறைக்கச் சொல்லக்கூடாதா?" என்று சொல்வதற்காகப் பார்ப்போம்!

அவன் முன்னால் ஒரு பெட்டி இருக்கும். அதற்குக் 'கண்ட்ரோலர்' என்று பெயர். அப்பளம் அளவில் இரண்டு வட்டத் தட்டுகள், மேலும் கீழும் நகரும் பிடிகள், வரிசை வரிசையாகப் பொத்தான்கள். பொத்தான்களுக்குள் சிவப்பும் பச்சையும் நீலமுமாக விளக்குகள். கார்த்திகைக்குப் போட்ட சீரியல் ஸெட் மாதிரி இதுவும் ஓர் அலங்காரம் என்றுதான் நமக்குத் தோன்றும்.

அலங்காரம் அல்ல. அந்தப் பிள்ளையின் மானமே அந்த விளக்குகளில்தான் இருக்கிறது.

புதிது வாங்க வேண்டுமா?

கும்மிடிப்பூண்டியில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருட்டாலையில் வேலை. பிள்ளைக்கும் அங்கேயே ஒரு சிறு வேலை. முகூர்த்த நாட்களில் மட்டும் அவன் திருவள்ளூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று மண்டபம் மண்டபமாகப் போய் டி.ஜே. தொழில் செய்கிறான். அம்மா சீட்டு எடுத்த பணத்தில் வாங்கிக் கொடுத்த கண்ட்ரோலர். ஒரு நாள் பிள்ளை வந்து நிற்கிறான்.

"அம்மா, பெட்டியிலே லைட்டு எரியமாட்டேங்குது. போயிடுச்சு போலிருக்கு. புதுசுதான் வாங்கணும்."

அம்மாவுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. அடுத்த சீட்டுக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது!

இந்த இடத்தில் அந்த அம்மாள் பணப்பையைத் திறப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "பொத்தானை அழுத்தினால் பாட்டு ஓடுகிறதா?"

"பாட்டெல்லாம் ஓடுது. லைட்டுதான் எரியலை" என்று பிள்ளை சொன்னால், பணப்பையை மூடி வைத்துவிடலாம். பெரும்பாலும் பெட்டியில் கோளாறு இல்லை. பெட்டிக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் பதில் சொல்லாமல் இருக்கிறார், அவ்வளவுதான்.

யார் அந்த ஆள்? பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்.

போகும் வழியும் திரும்பும் வழியும்

நாம் இயல்பாக என்ன நினைக்கிறோம்? பொத்தானை அழுத்துகிறோம், அதனால் பொத்தானுக்குள் விளக்கு எரிகிறது என்று நினைக்கிறோம். டி.ஜே. பெட்டியில் பெரும்பாலும் அப்படி இல்லை. பாட்டு பெட்டிக்குள் இல்லை, கம்ப்யூட்டரில் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு செய்தி போகிறது: "என்னை அழுத்தினார்கள்." கம்ப்யூட்டரில் உள்ள ஸாஃப்ட்வேர் பாட்டை ஓடவிடுகிறது. ஓடவிட்ட பிறகு, "பாட்டு ஓடுகிறது, உன் விளக்கை ஏற்றிக்கொள்" என்று இன்னொரு செய்தியைத் திருப்பி அனுப்புகிறது. அந்த இரண்டாவது செய்தி வந்தால்தான் விளக்கு எரியும்.

பதிவுத் தபாலோடு ஓர் ஒப்புதல் அட்டையைச் சேர்த்து அனுப்புவார்களே, நினைவிருக்கிறதா? கடிதத்தைத் தபாலில் சேர்த்தது நம் வேலை. அது போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி, கையெழுத்தோடு திரும்பி வரும் அட்டை. கடிதம் போகும் வழி வேறு, அட்டை திரும்பும் வழி வேறு. போகும் வழி சரியாக இருந்து, திரும்பும் வழி மட்டும் அடைபட்டிருக்கலாம். அப்போது பாட்டு ஓடும், விளக்கு எரியாது.

இதை அம்மாவைவிட அப்பா சீக்கிரம் புரிந்துகொள்வார். ஆலையில் மோட்டாரை ஓட்டப் பச்சைப் பொத்தான் உண்டு. பக்கத்தில் 'ஓடுகிறது' என்று காட்டும் விளக்கு உண்டு. அந்த விளக்கைப் பொத்தானோடு நேரே இணைத்துவிட்டால் என்ன ஆகும்? விரல் அழுத்தியிருக்கும் வரையில் எரியும். மோட்டார் ஓடினாலும் எரியும், ஓடாவிட்டாலும் எரியும்! அதனால் விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியன் அப்படி இணைப்பதில்லை. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் 'காண்டாக்டர்' என்ற பெரிய ஸ்விச்சு உள்ளே இழுபட்டு ஒட்டிக்கொண்டால் மட்டுமே எரியும்படி, அதிலிருந்தே விளக்குக்கு இணைப்புக் கொடுப்பார். 'அழுத்தினேன்' என்பது வேறு, 'நடந்தது' என்பது வேறு. விளக்கு சொல்ல வேண்டியது இரண்டாவதை.

அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காண்டாக்டர் ஒட்டிக்கொண்டது என்றுதான் அந்த விளக்கு சொல்கிறதே தவிர, பெல்ட் அறுந்திருக்கிறதா என்று சொல்லாது. விளக்கு எரியாததற்குப் பல்பு போய்விட்டதும் காரணமாக இருக்கலாம். அதனால்தான் யந்திரத்துக்குள் கையை விடுகிறவர்கள் அணைந்த விளக்கை நம்பிக் கையை விடக்கூடாது. மெயினை நிறுத்தி, பூட்டுப் போட்டு, மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே விட வேண்டும். ஆலையில் அது உயிர்ப் பிரச்னை. கல்யாண மண்டபத்தில் உயிர் போகாது, மானம் போகும்.

எப்படிப் போகும் என்று கேளுங்கள். மணமக்கள் மேடைக்கு வரும்போது போட வேண்டிய பாட்டை அந்தப் பிள்ளை வலப்பக்கத் தட்டில் தயாராக வைத்திருக்கிறான். சத்தத்தை அடியோடு குறைத்து வைத்திருக்கிறான். கைபட்டுப் பொத்தான் அழுந்திவிடுகிறது. பாட்டு ஓசையில்லாமல் ஓடத் தொடங்குகிறது. விளக்கு எரிந்திருந்தால் உடனே நிறுத்தியிருப்பான், எரியவில்லை. மணமக்கள் வருகிறார்கள். "பாட்டைப் போடுப்பா!" என்று யாரோ கத்துகிறார். சத்தத்தைக் கூட்டுகிறான். பல்லவிக்குப் பதில் இரண்டாவது சரணத்தின் நடுப்பகுதி கேட்கிறது! பதறிப் போய்ப் பொத்தானை அழுத்துகிறான். ஓடுகிற பாட்டின் மேல் அதே பொத்தானை அழுத்தினால் பாட்டு நின்றுவிடும். மண்டபம் முழுவதும் நிசப்தம்.

"கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் தெரியுமே?" என்று கேட்பீர்கள். தெரியும். ஆனால் அவன் கண் மணமக்கள் மேல் இருக்கிறது. கை பெட்டியின் மேல் இருக்கிறது. சமையல் செய்யும்போது நாம் அடுப்பைப் பார்ப்போமா, சமையல் புத்தகத்தைப் பார்ப்போமா?

மிடி என்ற பாஷை

பெட்டியும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ளும் பாஷைக்கு 'மிடி' என்று பெயர். இது பெண் குழந்தைகள் உடுத்தும் மிடி அல்ல. பழைய தமிழில் வறுமைக்குச் சொல்லும் மிடியும் அல்ல. இசைக் கருவிகள் எண்களால் பேசிக்கொள்ள ஏற்பட்ட பொது பாஷை. அமெரிக்காவில் டேவ் ஸ்மித், ஜப்பானில் ரோலண்டு கம்பெனியை நிறுவிய இகுதாரோ ககெஹாஷி, இவர்களுடைய முயற்சியில் பிறந்தது. 1983 ஜனவரியில், அமெரிக்காவில் ஒரு கண்காட்சியில், இரண்டு வேறு கம்பெனிகளின் கீபோர்டுகளை ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றை வாசித்து மற்றொன்றை ஒலிக்கச் செய்து காட்டினார்கள். முப்பது வருஷம் கழித்து, 2013-ல், இருவருக்கும் இதற்காகக் கிராமி விருது கொடுத்தார்கள்.

பாஷை மிகவும் எளியது. ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்று எண்கள் போகும். ஒரு விலாசம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். முதல் எண் தெரு. இரண்டாவது எண் கதவிலக்கம். மூன்றாவது எண், சொல்லும் சேதி. உதாரணமாக 144, 11, 127 என்று போகிறது. 144 என்றால் 'முதல் சேனல், ஸ்வரம் தொடங்கியது' என்று பொருள். 11 என்பது பொத்தானின் எண். 127 என்பது எவ்வளவு பலமாக என்பது. இரண்டாவதும் மூன்றாவதும் 0 முதல் 127 வரைதான் இருக்கலாம். விரலை எடுத்ததும், பல பெட்டிகளில், 144, 11, 0 என்று போகும்.

விசேஷம் என்னவென்றால், பெரும்பாலான பெட்டிகளில் அதே விலாசத்துக்கு அதே எண்களைக் கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பினால் விளக்கு எரியும். 144, 11, 127 என்றால் எரி. 144, 11, 0 என்றால் அணை. சில பெட்டிகளில் மட்டும் விளக்கின் கதவிலக்கம் வேறாக இருக்கும். பெட்டியைச் செய்தவர்கள் இதற்கென்று ஓர் எண் பட்டியல் வெளியிடுவார்கள். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருப்பி அனுப்பச் சொல்லிக் கொடுப்பது

பிரபலமான பெட்டியாக இருந்தால் ஸாஃப்ட்வேருக்கு அதன் பாஷை முன்பே தெரிந்திருக்கும். அவ்வளவாகப் பழக்கமில்லாத பெட்டி என்றால் நாமே சொல்லிக் கொடுக்க வேண்டும். இங்கேதான் பிள்ளைகள் பாதி வேலையோடு நிறுத்திவிடுகிறார்கள்.

'மிக்ஸ்' என்று ஓர் இலவச ஸாஃப்ட்வேர் இருக்கிறது. ஆங்கிலத்தில் எக்ஸ் எழுத்தை மூன்று தடவை போட்டு எழுதுவார்கள். அதில், பொத்தானை அழுத்திக் காட்டினால் தானே கற்றுக்கொள்ளும் வசதி உண்டு. அழுத்திக் காட்டுவது போகும் வழியை மட்டும்தான் கற்றுக் கொடுக்கும். திரும்பும் வழியைத் தனியாக எழுத வேண்டும். அமைப்புகளில் 'கண்ட்ரோலர்ஸ்' பக்கத்துக்குப் போனால், 'இன்புட்' என்று ஒரு பட்டியலும் 'அவுட்புட்' என்று ஒரு பட்டியலும் இருக்கும். விளக்குகளுக்கு உரியது அவுட்புட். அதில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வரி. எந்தச் சேனல், என்ன வகைச் செய்தி, எந்த எண், எரிவதற்கு என்ன அனுப்புவது, அணைவதற்கு என்ன அனுப்புவது, கம்ப்யூட்டரில் எதைக் கவனித்து அனுப்புவது என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். 'டிராக்டர்' என்ற ஸாஃப்ட்வேரில் இதையே 'ஆட் இன்', 'ஆட் அவுட்' என்று இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். 'ரெகார்ட்பாக்ஸ்' என்பதில் மிடி இன், மிடி அவுட் என்று இரண்டு பத்திகள். பெயர் எதுவானாலும், உள்ளே போவதை மட்டும் நிரப்பிவிட்டு வெளியே வருவதைக் காலியாக விட்டால் விளக்கு எரியாது.

நிரப்பும்போது ஞாபகம் வைக்க வேண்டியவை சில உண்டு.

முதலாவது, விளக்கு எதைக் கவனிக்க வேண்டும் என்பது. பொத்தானைக் கவனிக்கக்கூடாது, பாட்டைக் கவனிக்க வேண்டும். பாட்டு தானாகவே முடிந்துவிட்டால் விளக்கும் தானாகவே அணைய வேண்டும் அல்லவா? பொத்தானைக் கவனிக்கும் விளக்கு, பாட்டு முடிந்த பிறகும் எரிந்துகொண்டே இருக்கும். எரியாத விளக்கைவிடப் பொய் சொல்லும் விளக்கு மோசம்.

இரண்டாவது, நிறம். நிறமும் எண்தான். பல டி.ஜே.க்கள் உபயோகிக்கும் 'ஏ.பி.ஸி. மினி' என்ற அகாய் கம்பெனிப் பெட்டியின் முதல் மாடலை எடுத்துக்கொண்டால், அதன் சதுரப் பொத்தான்களுக்கு 1 அனுப்பினால் பச்சை, 3 சிவப்பு, 5 மஞ்சள். 2, 4, 6 அனுப்பினால் அதே நிறங்கள் விட்டு விட்டு எரியும். வழக்கம்போல் 127 அனுப்பினால் பச்சைதான் வரும். "சிவப்பு கேட்டேன், பச்சை எரிகிறது, பெட்டி கெட்டுவிட்டது" என்று சொல்வதற்கு முன் எந்த எண்ணை அனுப்பினோம் என்று பார்க்க வேண்டும். ஆண்களில் சிலருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதே கடினம். அப்படிப்பட்ட பிள்ளை, நிறத்தை நம்பாமல், நின்று எரிவது, விட்டு விட்டு எரிவது என்று வைத்துக்கொள்வது உத்தமம்.

மூன்றாவது, விரலை எடுத்ததும் அணைந்துபோகும் விளக்கு. சில பெட்டிகள் கம்ப்யூட்டரைக் கேளாமல், விரல் பட்டதும் தாமாக விளக்கை ஏற்றி, விரலை எடுத்ததும் தாமாக அணைத்துவிடும். கம்ப்யூட்டர் அனுப்பிய பதிலும் அதோடு அழிந்துபோகும். இது முந்திரிக்கொட்டை மருமகள் மாதிரி. கேட்ட கேள்விக்கு மாமியார் பதில் சொல்வதற்குள் தானே சொல்லிவிடுவது! பெட்டியோடு வரும் அமைப்பு ஸாஃப்ட்வேரில் இதை மாற்ற இடமிருந்தால், 'விளக்கு கம்ப்யூட்டரின் பொறுப்பு' என்று மாற்றிவிட வேண்டும். இடமில்லாவிட்டால், விரலை எடுத்த பிறகும் ஒரு தடவை பதிலை அனுப்பும்படி எழுத வேண்டும்.

நான்காவது, கம்பியைப் பிடுங்கி மறுபடி செருகினால் பெட்டி பழையதை மறந்துவிடும். அதனால் ஸாஃப்ட்வேர் தொடங்கும்போதே எல்லா விளக்குகளின் நிலைமையையும் ஒரு தரம் அனுப்பியாக வேண்டும். ஆலைகளில் விளக்குப் பலகைகளில் 'லாம்ப் டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் வைத்திருப்பார்கள். அழுத்தினால் எல்லா விளக்குகளும் ஒரு தரம் எரியும்; எரியாதது எது என்று தெரிந்துவிடும். டி.ஜே. பெட்டிக்கும் அப்படியே செய்துகொள்ளலாம். தொடங்கியதும் எல்லா விளக்குகளையும் ஏற்றி அணைக்கச் சொல்லி நான்கு வரி எழுதிவிட்டால் போதும். அப்போதும் ஒரு விளக்கு எரியாவிட்டால், விலாசம் சரிதானா என்று பட்டியலில் பார்க்க வேண்டும். விலாசமும் சரி, விளக்கும் எரியவில்லை என்றால்தான் கடைக்காரரிடம் போக வேண்டும்.

ஐந்தாவது, மின்சாரம். ஒரே யூ.எஸ்.பி. கிளைப்பெட்டியில் கண்ட்ரோலர், ஹார்டு டிஸ்க், விசிறி என்று எல்லாவற்றையும் செருகினால், விளக்குகள் எல்லாம் சேர்ந்து எரியும்போது பெட்டி மயங்கி விழக்கூடும். சாதாரண யூ.எஸ்.பி. 2.0 துளை ஒன்று கொடுக்கக்கூடியது 500 மில்லி ஆம்பியர்தான். கண்ட்ரோலரை நேராகக் கம்ப்யூட்டரில் செருகுவது நல்லது.

இவ்வளவையும் படித்துவிட்டு, "எனக்கு எதற்கு இந்த டி.ஜே. சமாசாரம்?" என்று சில சகோதரிகள் கேட்கலாம். உங்கள் வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ இந்தத் தொழிலுக்கு வரலாம். பெண்களும் இதில் கெட்டிக்காரிகளாக இருக்கிறார்கள். அப்போது "எல்லாம் போயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்ற வார்த்தைக்கு, "திரும்பும் வழியை எழுதினாயா?" என்று ஒரு பதில் உங்கள் கையில் இருக்கட்டும். ஒரு சாயங்காலம் உட்கார்ந்து எழுதினால் தீரும் காரியத்துக்கு ஒரு சீட்டுப் பணம் போகக் கூடாது.

பிள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். மண்டபத்துக்கு ஜனங்கள் வருவதற்குக் கால் மணி முன்னதாகவே போய்விட வேண்டும். விளக்குகளைச் சோதிக்க வேண்டும். இடத் தட்டில் ஒரு பாட்டு, வலத் தட்டில் ஒரு பாட்டு, இரண்டையும் ஓடவிட்டு நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு பாட்டைக் கடைசி வரையில் ஓடவிட்டு, விளக்கு தானாக அணைகிறதா என்று பார்க்க வேண்டும். மண்டபத்து விளக்குகளை அணைக்கச் சொல்லி, இருட்டிலும் நிறம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறகு, நம் வீட்டுச் சமாசாரம். இன்றைக்கே கூடம், சமையலறை, குளியலறை என்று ஒரு சுற்று வாருங்கள். ஸ்விச்சுப் பலகையில் எரியும் சிவப்பு விளக்கு எந்தக் கேள்விக்குப் பதில்? அரிசி குக்கரில் எரிவது எதற்கு? வெந்நீர்ப் பெட்டியில் விளக்கு அணைந்தால் தண்ணீர் காய்ந்தது என்று அர்த்தமா, மின்சாரம் நின்றது என்று அர்த்தமா? ஒவ்வொன்றையும் வீட்டிலுள்ளவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆளுக்கொரு பதில் வரும். குழந்தைகளிடம் கேட்டால் இன்னும் வேடிக்கையாக இருக்கும். ஆனால் இஸ்திரிப் பெட்டியைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். பதிலையும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.